உக்ரைன் மாமா போட்ட தண்ணித் தடை

உக்ரைனுக்காக கேன் தண்ணிய நிறுத்துன ஒரே ஆளு, இந்த உலகத்துலயே எங்க வேங்கிக்கால்லதான் இருக்காரு. மத்த நாடுங்க பீரங்கி அனுப்புச்சி, துப்பாக்கி அனுப்புச்சி. இவரு கலெக்டர் ஆபீஸ் பின்னால இருக்கிற நாலு தெருவுக்கு தண்ணிய கட் பண்ணாரு.

அவருக்கு வேற பேரு இருக்குது. ஆனா ரேஷன் கடையில அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா அவரே திரும்பிப் பாக்க மாட்டாரு. எல்லாருக்கும் உக்ரைன்தான். அவரு பொண்டாட்டிக்கு உக்ரைன் வூட்டம்மான்னு பேரு. எனக்கு அவரு மாமா, அவங்க அத்தை. சொந்தம் இல்ல, எங்கப்பாவோட கூட்டாளி.

டிவிஎஸ் வண்டியில முன்னால ரெண்டு, பின்னால நாலு கேன் கட்டிக்கினு வருவாரு. கேட்டுல நின்னு கேன தோள்ல தூக்கிக்குவாரு, ஆனா எறக்க மாட்டாரு. மொதல்ல கேள்வி.

"யாரு ஜெயிக்கிறா?"

உக்ரைன்னு சொன்னா கேன் உள்ள வரும். ரஷ்யான்னு சொன்னா கேன் திரும்பி வண்டிக்கே போயிடும். ரெண்டு நாளைக்கு தண்ணி கெடையாது. கேட்டா, "நியூஸ்ல பொருளாதாரத் தடைன்னு சொல்றான் இல்ல? அவன் அங்க போட்டான், நான் இங்க போட்டேன்"ம்பாரு.

தெருவுல எல்லாரும் பழகிக்கினாங்க. புதுசா மாத்தலாகி வந்த ஒரு சாருக்குத்தான் வெவரம் தெரியல. பேப்பர மடிச்சிக்கினே, "ரஷ்யா கைதாங்க ஓங்கியிருக்குது"ன்னாரு. மூணாவது நாளு, டிவிஎஸ் சத்தம் தெரு மொனையில கேக்கும்போதே, அந்த வூட்டம்மா மொட்ட மாடியிலேருந்து கத்துறாங்க: "உக்ரைன்! உக்ரைன்! ரெண்டு கேன்!"

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வெள்ளக்காரம்மா வாடகைக்கு இருந்தாங்க. அவங்களையும் வுடல. "உக்ரைன்? ரஷ்யா?"ன்னு கேட்டிருக்காரு. அந்தம்மா எந்த நாடுன்னு கேக்கறாருன்னு நெனச்சிக்கினு, "ஸ்பெயின்"னுட்டாங்க. மாமா கேன அங்கயே வெச்சிட்டு நேரா எங்க வூட்டுக்கு வந்தாரு. மொகமே செத்துப் போச்சி.

"டேய், ஸ்பெயின் எப்படா சண்டைக்கு வந்தான்?"

அப்பா கண்ணு கூட சிமிட்டல. "நேத்து சாயங்காலம். எங்க ரஷ்யா சைடு."

எங்கப்பா கீழ்பென்னாத்தூர்லேருந்து மல்லாட்ட, அதான் வேர்க்கடல, மூட்ட ஏத்திக்கினு வர வேனு ஓட்டுனாரு. அம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே தவறிட்டாங்க. வூட்ட பாக்கணும்னு நான் எட்டாவதோட நின்னுட்டேன், அதனால எழுத்துல தப்பு இருந்தா கோச்சிக்காதீங்க. எங்க நாலு தெருவுல தைரியமா ரஷ்யான்னு சொன்ன ஒரே ஆளு அப்பாதான். "ஏம்ப்பா, ரஷ்யா உனக்கு இன்னா பண்ணுச்சி?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. அவன் உக்ரைன்னுட்டான். அப்புறம் நான் இன்னா சொல்றது?"ன்னாரு.

அதனால எங்க வூட்டு மேல எப்பவுமே தடை. ஆனா மாமா கேன் போட லைனுக்குப் போன பத்தாவது நிமிஷம், அத்தை பின்பக்க சந்து வழியா ஒரு கேன உருட்டிக்கினு வந்துடுவாங்க. அத்தைதான் எங்களுக்கு ஐநா சபை. மாமாவுக்கும் அது தெரியும். காலி கேன எடுக்கறதுக்கு அவருதானே வரணும்!

மாமா ஏன் உக்ரைன் கட்சின்னா, அதுக்கு அவரு சொல்ற காரணம் இதுதான்.

"உக்ரைன். மொத எழுத்து இன்னா? உ. பிள்ளையார் சுழிடா! பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிச்ச நாடு எங்கனா தோக்குமா?"

"உருளக்கெழங்குக்கும் அதான்டா மொத எழுத்து. மசிச்சி தின்னுடறோம்."

இதோட அப்பா வுடல. பக்கத்துத் தெருவுல ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருத்தரு இருந்தாரு. அவருகிட்ட போய்க் கேட்டுக்கினு வந்தாரு. தமிழ்ல ர-வுல வார்த்த ஆரம்பிக்கக் கூடாதாம். சுத்தத் தமிழ்ல எழுதுனா அது 'உருசியா'வாம். வாத்தியார் கைப்பட ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கினு வந்து, மாமா மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு.

மாமா சீட்டப் படிச்சாரு. திருப்பிப் பாத்தாரு. வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரு. ரெண்டு நாளு ஆளே காணோம். மூணாவது நாளு காத்தால வந்து, கேட்டுக்கு வெளியவே நின்னுக்கினு கேட்டாரு: "சரிடா, ரெண்டு பேருக்கும் பிள்ளையார் சுழி. யாரு மொதல்ல போட்டது?"

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரெண்டு பேரும் ஒண்ணா கிரிவலம் போவாங்க. நானும் கூடப் போவேன். மத்தவங்க அரோகரா சொல்லிக்கினு நடப்பாங்க, இவங்க வழியில வர எட்டு லிங்கத்த வெச்சி சண்ட எல்லைய சொல்லிக்கினு நடப்பாங்க.

"இத்தினி நாளா அடிச்சி உங்காளு இன்னாடா புடிச்சான்? தோ, இந்த அக்னி லிங்கத்துலேருந்து எம லிங்கம் வரைக்கும். அவ்ளோதான்!"

"எம லிங்கம் வந்துட்டான் இல்ல? அடுத்து நிருதி லிங்கம், வருண லிங்கம். அப்டியே சுத்தி உன் முதுகுக்குப் பின்னால வந்து நிப்பான்."

"முட்டாள், சுத்தி வந்தா அவன் வூட்டுக்குதான்டா போய் சேருவான்!"

பின்னால ஒருத்தரு கண்ண மூடி ஜபம் பண்ணிக்கினே நடந்து வந்தாரு. எங்க கூடயே ரெண்டு லிங்கம் வந்திருப்பாரு. திடீர்னு நின்னுட்டாரு. "ஐயா, யாரு ஜெயிக்கிறான்னு ஒரு முடிவ சொல்லிட்டுப் போங்கய்யா. சாமி பேரே மறந்து போச்சி எனக்கு."

அப்புறம் அப்பாவுக்கு கிட்னி போச்சி. வாரத்துக்கு ரெண்டு தரம் டயாலிசிஸ். வேனு ஓட்டுறது நின்னுச்சி. டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் தண்ணி, ரசம் காபி எல்லாம் அதுல சேத்தி, ஜாஸ்தியானா நெஞ்சுல நீர் கோத்துக்கும்னு. அப்பா கேக்கல. வெயிலோ வெயிலு. நான் துணிக்கடை வேலைக்குப் போயிட்டா, சொம்பு சொம்பா எடுத்துக் குடிச்சிடுவாரு. ஒரு நாளு நான் வந்து பாக்கறேன், காலு ரெண்டும் வீங்கி, மூச்சு வுட முடியாம செவுத்துல சாஞ்சி உக்காந்துக்கினு இருக்காரு. அன்னிக்கு அவசரமா தூக்கிக்கினு ஓடுனோம்.

அவரு வூடு திரும்புன அன்னிக்கு கேட்டுல நின்னு மாமாகிட்ட அழுதேன். "நான் சொன்னா கேக்கல மாமா. டாக்டர் சொன்னாலும் கேக்கல. இப்டியே குடிச்சா செத்துடுவாரு."

மாமா நேரா உள்ள போனாரு. ஸ்டாண்டுல இருந்த கேன எடுத்து வெளிய வெச்சாரு. ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சி, மார்க்கர் பேனாவால காத்தால, மத்தியானம், ராத்திரின்னு கோடு போட்டாரு. அப்பா முன்னால டக்குனு வெச்சாரு.

"இன்னியிலேருந்து ரஷ்யா மேல முழுத் தடை. இந்தக் கோட்டத் தாண்டி ஒரு மடக்கு குடிச்ச, ரஷ்யா தோத்துச்சின்னு மைக் கட்டி சொல்லுவேன்."

"போடா. உன் தண்ணி எவனுக்கு வேணும்?"

அவ்ளோதான். அன்னிலேருந்து அப்பா கோட்டத் தாண்டல. வாயி காஞ்சா ஒரு ஐஸ் துண்ட நாக்குல வெச்சிக்கினு உக்காந்திருப்பாரு. சாயங்காலம் மாமா தலையப் பாத்ததும் பாட்டிலத் தூக்கிக் காட்டுவாரு. அடியில ரெண்டு வெரக்கட தண்ணி நிக்கும்.

"பாத்துக்கோ. ரஷ்யா கையில ஸ்டாக் இருக்குது."

"நாளைக்குப் பாக்கறேன்டா உன் ஸ்டாக்க."

ஆஸ்பத்திரியில எட பாக்கற நர்சம்மா, "இன்னா பண்ண, உங்கப்பா இவ்ளோ கட்டுப்பாடா ஆயிட்டாரு?"ன்னு கேட்டாங்க. சண்ட நடக்குதுங்கன்னேன். அவங்க எங்க குடும்பச் சண்டைன்னு நெனச்சிக்கினாங்க.

அந்தக் கோடையில மாமா எங்க வூட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் நனஞ்சி, ஒதடு வெடிச்சி இருக்கும். மோரு குடுத்தா வாங்க மாட்டாரு. "எதிரி வூட்ல நான் குடிக்கறது இல்ல"ம்பாரு. திமிரு புடிச்சவருன்னு நெனச்சேன். அப்பா பாக்கறப்போ தண்ணி குடிக்கக் கூடாதுன்னுதான் அப்டி சொல்றாருன்னு எனக்கு அப்போ தோணல.

ஒன்றர வருஷம் இப்டியே ஓடுச்சி. அப்புறம் இதயம் தளந்து போச்சின்னு பெட்டுல சேத்தாங்க. ரெண்டு நாளு, மிஞ்சிப் போனா மூணு நாளுன்னு டாக்டர் என்னத் தனியா கூப்ட்டு சொன்னாரு. நான் வராண்டாவுல மாமா கையப் புடிச்சிக்கினேன்.

"மாமா, ஒரே ஒரு தரம் ரஷ்யா ஜெயிச்சிடுச்சின்னு சொல்லிடுங்க. சந்தோஷமா போகட்டும்."

"சொல்ல மாட்டேன்."

"பொய்யாவது சொல்லுங்க மாமா."

"மாட்டேம்மா."

பொறந்ததுலேருந்து அவர வாங்க போங்கன்னுதான் பேசுவேன். அன்னிக்கு எனக்கு தலைக்கு ஏறிடுச்சி. "நீயெல்லாம் ஒரு மனுஷனா? போய்யா, நீயும் உன் உக்ரைனும்!"னு வராண்டா முழுக்க கேக்கற மாதிரி கத்திட்டேன். மாமா மூஞ்சிய தொடச்சிக்கினு உள்ள போனாரு. கட்டில்கிட்ட ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"டேய், உங்காளுங்கள ஓட வுட்டுட்டாங்கடா எங்காளுங்க."

அப்பா கண்ணத் தொறந்தாரு. மூச்சு இழுத்து இழுத்து சொன்னாரு: "பொய்யி. நீ... நாளைக்கு வா... சொல்றேன்."

"வருவேன். ரெடியா இரு."

மறுநாளு விடியக்காத்தால அப்பா போயிட்டாரு.

பால் தெளிக்கு வந்த அத்தைதான் சொன்னாங்க. முந்தின நாளு ஆஸ்பத்திரியிலேருந்து வூட்டுக்குப் போய் மாமா கொழந்த மாதிரி அழுதாராம். "நான் ஒத்துக்கினா அவனுக்குத் தெரிஞ்சிடும்டி, இவன் என்னை அனுப்பி வெக்கிறான்னு. சண்ட போட்டாதான் நாளைக்கும் இருக்கோம்னு நெனப்பான்"னு சொன்னாராம்.

அப்பா போய் மூணு மாசம் ஆச்சி. சண்ட இன்னும் நடக்குதுன்னு டிவியில சொல்றாங்க. மாமா நான் வேலைக்குப் போன நேரமா பாத்து வந்து, கேன கேட்டுக்கு வெளியவே வெச்சிட்டுப் போயிடறாரு. யாரு ஜெயிக்கிறான்னு தெருவுல யாரையும் கேக்கறதும் இல்லியாம். நானும் அவரு வூட்டுப் பக்கம் போகல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?

ஆனா ஒலக நியூஸுக்காக வாராவாரம் இந்தப் புக்க அவரு வாங்குவாரு. அதான் இதுல எழுதறேன்.

மாமா, அன்னிக்கு உங்கள 'நீ'ன்னு பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க. நாயித்துக்கெழம எனக்கு லீவு, நான் வூட்லதான் இருப்பேன். உள்ள வாங்க.