தொதலுக்கு மண் தெரியும், கூரை தெரியாது

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். ஆளாளாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவில் யாரைக் கேட்டாலும் “நானும் அங்க நிண்டனான், கண்ணால கண்டனான்” என்கிறார்கள். நிற்கவில்லை. விடுதி முதலாளியான என் பெரியப்பா, குசினிக்குப் பொறுப்பான பெரியம்மா, பரிமாறுவதற்காக யாருடையதோ வெள்ளைச் சட்டைக்குள் திணிக்கப்பட்டிருந்த என் அண்ணன், மண் ஏற்றி வந்த ட்ரெக்டரை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்காக நின்ற கனமூலை றிஸ்வான் நானா, வெளிநாட்டுக்காரரை விடுதிகளுக்கு அனுப்பும் வேலை பார்க்கிற கொழும்பு ஐயா ஒருவர், பிறகு நான். ஆறு பேர்தான். ஏழாவது, தொதல். தொதல் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டிச் சாப்பிடுகிற தொதல் இல்லை. அதே கறுத்த நிறத்தில், அதே மினுக்கத்தில் நான் வளர்த்த நாய்க்குட்டி.

நடந்ததற்கு யார் குற்றவாளி என்று கேட்டால் மற்ற ஐந்து பேரும் அந்த ஏழாவதைத்தான் காட்டுவார்கள். நான் காட்ட மாட்டேன். அன்றும் காட்டவில்லை, இன்றும் இல்லை.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். காற்று அடித்தால் கூரை போய்விடுமோ என்று கவலை, அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று கவலை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். வீட்டுக் கஷ்டம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும் (அம்மா அப்படித்தான் சொல்வா). உண்மை என்னவென்றால், கணக்குப் படிப்பிக்கிற சேர் என் பெயரைச் சொன்னாலே எனக்கு அடிவயிறு கலங்கும். ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. தொதலுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்குத்தான் விளங்கும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடத்தில், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் எங்கள் கரைக்கு வரத் தொடங்கினார்கள். பெரியப்பா தோணியை விற்று அவர்கள் தங்க நாலு கபானாக் குடில் கட்டினார். நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் தொதல் வந்தது. கரைவலைக்காரர் தங்குகிற வாடியில் பழைய சாக்குக் குவியலில் பிறந்த குட்டி. கண் திறந்த நாளிலிருந்து சாக்கில் படுத்து, சாக்கிலேயே எல்லாம் முடித்துப் பழகியது. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அது முதலில் தேடியது ஒரு சாக்கைத்தான். கால்துடைக்கிற சாக்கு, அண்ணனின் சாரம், அம்மா கோயிலுக்குக் கட்ட மடித்துவைத்த சீலை என்று, காலுக்கு மெத்தென்று பட்டதெல்லாம் அதற்குக் கக்கூசு.

“மூக்கைப் பிடிச்சு அதுக்குள்ள தேய்ச்சு விடு, ரெண்டு நாள்ல திருந்தும்” என்றான் அண்ணன்.

அவனே ஒருமுறை அதைச் செய்தும் பார்த்தான். தொதல் திருந்தியது, ஒரு விதமாக. அன்று முதல் எங்களுக்கு முன்னால் ஒன்றுக்குப் போவதை நிறுத்திவிட்டு அலுமாரிக்குப் பின்னால் போய்ப் போகத் தொடங்கியது. அண்ணன் குரலை உயர்த்தினால் நின்ற இடத்திலேயே மல்லாந்து படுத்து இரண்டு சொட்டு விடும். “பாத்தியா திமிரை” என்பான் அவன். திமிரா? அது என்னவென்று எனக்குத் தெரியும். கரும்பலகைக்கு முன்னால் எனக்கும் அதே திமிர்தான்.

அதனால் நானே படிப்பித்தேன். தின்றதும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். தூங்கி எழும்பினால் வெளியே. விளையாடி முடித்தால் வெளியே. கடல் மண்ணில் இறக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். அது போய் முடித்த அந்த நொடியில் “கெட்டிக்காரன்!” என்று சொல்லி ஒரு நெத்தலித் தலை. சீமெந்தில் இல்லை, துணியில் இல்லை, மண்ணில். இரண்டு மாதம் இதே பாடம்.

“எட்டாம் வகுப்போட நிண்டவ நாய்க்கு வாத்தியார்!” என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சொல்லட்டும். இரண்டு மாத முடிவில் எங்கள் சீமெந்துத் தரையில் ஒரு சொட்டு இல்லை.

அந்தப் பெருமையில்தான் குட்டியை வேலைக்கும் கொண்டுபோகக் கேட்டேன். பெரியப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்:

“ஓம், கொண்டு வா. ஆனா ஒரு தரம் உள்ளுக்குப் போச்சுதெண்டு வை, றிஸ்வான்ட ட்ரெக்டர்ல ஏத்தி எலுவன்குளத்துக் காட்டோரத்தில இறக்கிப்போடுவன். பிறகு வந்து அழக்கூடாது.”

எலுவன்குளத்துப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்றும், சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர் என்றும் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். ஒரு கிழமை நித்திரை இல்லை. ஆனாலும் பயம் நாயின் மேல் இல்லை. அது படித்த நாய்.

இனித்தான் பெரியப்பாவின் மூளை. எங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டுப் பொம்பிளையும் சீட்டுப் போட்டுக் காசு சேர்த்தது எதற்காக? மண் தரைக்குச் சீமெந்து போட. சோற்றில் மண், படுக்கையில் மண், தலையில் மண் என்று சலித்துப்போய்ப் போட்ட சீமெந்து அது. பெரியப்பாவோ, வெள்ளைக்காரருக்குக் காலை மண்ணில் புதைத்துக்கொண்டு சாப்பிடத்தான் விருப்பமாம் என்று எங்கோ கேள்விப்பட்டு, புதிதாகக் கட்டிய சாப்பாட்டு மண்டபத்தின் நல்ல சீமெந்துத் தரை முழுக்க முழங்காலில் பாதி உயரத்துக்கு மண் நிரப்பினார். காசு கொடுத்து! வீட்டுக்குள்! பெரியம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மண் நிரப்பி முடிந்த அன்று மத்தியானம்தான் கொழும்பு ஐயா பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்தால் அந்த சீசன் முழுக்க ஆள் அனுப்புவார். பெரியம்மா நண்டுக் கறி வைத்தா. நான் தொதலைக் குசினிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, நண்டு ஓட்டைக் கொடுத்துத் தூங்க வைத்திருந்தேன். எழும்பினதும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று காதை அந்தப் பக்கமே வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, “புள்ள, பப்படத் தட்டைக் கொண்டா!” என்று பெரியம்மாவின் குரல்.

தட்டோடு மண்டபத்துக்குப் போனேன். பெரியப்பா வளைந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்:

“சப்பாத்தைக் கழட்டிப் போட்டு, காலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க ஐயா. இதுதான் எங்கட விசேசம்.”

ஐயா சப்பாத்தைக் கழற்றினார். மேசைக்குக் கீழே காலைப் புதைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது தொதல் வந்தது. கடித்து அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, விறாந்தைச் சீமெந்தில் மெல்ல மெல்ல நடந்து வந்தது. பின்னங்கால் இரண்டும் ஒட்டியபடி, அடக்கிக்கொண்டு வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தனை நீளச் சீமெந்திலும் ஒரு சொட்டு விடவில்லை. (இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். ஒரு சொட்டு விடவில்லை.) மண்டபத்து வாசலில் அதன் கால் மண்ணில் பட்டது. அதன் முகத்தில் வந்த ஆறுதலை நான் எந்த மனிசர் முகத்திலும் கண்டதில்லை. நேரே மேசைக்குக் கீழே நிழலுக்குப் போனது.

கூப்பிட்டால் ஐயா கண்ணைத் திறந்துவிடுவார். பப்படத் தட்டோடு நின்றேன்.

“ஆ…” என்றார் கொழும்பு ஐயா, கண்ணைத் திறக்காமலே. “மண் நல்ல இளஞ்சூடா இருக்கே.”

“வெயில்ல காய வச்ச மண் ஐயா!” என்றார் பெரியப்பா பெருமையோடு.

தொதல் அதோடு நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளிப்போய்க் குந்தி மற்றதையும் முடித்தது. முடித்துவிட்டு, நல்ல நாய் செய்வதைப்போல் பின்னங்காலால் மண்ணை வாரி எறிந்து மூடியது. எறிந்த மண் நண்டுக் கறியிலும், ஐயாவின் சோற்றிலும், அண்ணனின் வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது. பிறகு வெளியே வந்து, எனக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

இரண்டு மாதப் பழக்கம். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“கெட்டிக்காரன்!” என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க. கை தானாகவே சட்டைப் பையில் இருந்த நெத்தலித் தலையை எடுத்துக் கொடுத்தது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஐயா மேசையோடு எழும்பினார். “வட் இஸ் திஸ்! வட் இஸ் திஸ்!” என்று ஒற்றைக் காலில் துள்ளினார். சத்தத்துக்குப் பயந்து தொதல் மல்லாந்து படுத்து, மிச்சமிருந்த இரண்டு சொட்டையும் அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் விட்டது. (பக்கத்தில். உள்ளே இல்லை. உள்ளே என்பது அண்ணன் கட்டிய கதை.) ஐயா சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வாகனத்துக்கு நடந்தார். பெரியப்பா நண்டுச் சட்டியோடு பின்னால் ஓடினார். ஏன் சட்டியோடு ஓடினார் என்று அவருக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது அவருடைய முகம் நெருப்பாக இருந்தது.

“றிஸ்வான்! இதைச் சாக்கில கட்டி ஏத்து! எலுவன்குளம்!”

“மொதலாளி, நான் நாய் ஏத்துறல்ல. பொறகு ட்ரெக்டர் முழுக்கக் கழுவணும்” என்றார் றிஸ்வான் நானா, இரண்டடி பின்னுக்குப் போய்.

“அப்ப இவன் ஏத்துவான்!” அண்ணன் சாக்கை எடுத்தே விட்டான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். நாயைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

“அது பிழை விடேல்ல! மண்ணில போ எண்டு படிப்பிச்சனான், மண்ணிலதான் போனது. அதுக்கு மண் தெரியும். கூரை தெரியாது. வீட்டுக்குள்ள மண்ணைக் கொட்டினது நாயா, நீங்களா?”

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டா. சிரிப்பென்று பிறகுதான் தெரிந்தது.

“நாயமான கேள்வி ஒண்டுதான் மொதலாளி” என்றார் றிஸ்வான் நானா.

“நாயமா? இந்த மண் முழுக்க இனிக் குப்பை! புது லோட் போடோணும்! ஆர் தாற காசு?”

“நான் தாறன்!” என்றேன். “லோட் எவ்வளவு நானா?”

“ஆறாயிரம் புள்ள” என்றார் அவர், மெதுவாக.

ஆறாயிரம் என்றதும் எனக்குக் கணக்கு சேரின் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் சாக்கு இன்னும் அண்ணன் கையில் இருந்தது. “சம்பளத்தில மாசம் ஐந்நூறு கழியுங்க. நாய் என்னோடதான்” என்றேன். பெரியப்பா சாக்கைப் பிடுங்கி மூலையில் எறிந்தார். தொதல் தப்பியது.

புது மண் போட்டாயிற்று என்று சொல்லி, மூன்று மாதம் என் சம்பளத்தில் பெரியப்பா ஐந்நூறு ஐந்நூறாகக் கழித்தார். அந்த மூன்று மாதத்தில் தொதலும் படித்துவிட்டது. மண்டபத்து வாசலில் நான் “இல்லை” என்றால் நிற்கும், தென்னைகளுக்கு அப்பால் கொண்டுபோனால் போகும். நாயைப் படிப்பிக்கலாம். எங்கே, எது என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலாம் மாதம் ஒரு காலையில் மண்டபத்து மண்ணைக் கூட்டி வாருகிறபோது, கயிற்றில் இருந்த தொதல் என்னை இழுத்துக்கொண்டு நேரே அதே மேசைக்குக் கீழே போனது. மூக்கை மண்ணுக்குள் விட்டு உறிஞ்சியது, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. நாய் ஒரு இடத்தை மணத்தால்தான் நினைவு வைத்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மூக்குக்குச் சுத்தமில்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப அங்கேதான் போகும். புது மண்ணில் பழைய மணம் எப்படி வரும்?

அன்றே றிஸ்வான் நானாவை ரோட்டில் மறித்தேன். “நானா, ரெண்டாவது லோட் எப்ப கொண்டு வந்தீங்க?”

“ரெண்டாவதா? அல்லாஹ்வே, நான் ஒரு தரந்தானே கொட்டின.”

அண்ணனைக் கேட்டேன். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: நான் பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவும் அவனும் அதே மண்ணைக் கல் அரிக்கிற அரிதட்டால் அரித்து, வெயிலில் காயவிட்டு, திரும்பவும் பரப்பியிருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருக்க அவனுடைய போனுக்கு ரீலோட் காசு வேறு. அந்த சீசனில் வந்த வெள்ளைக்காரர் எல்லோரும் காலைப் புதைத்துக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டது அந்த மண்ணில்தான்.

“இனி ஒரு சதமும் கழிக்கேலாது” என்றேன் பெரியப்பாவிடம், நேருக்கு நேர்.

“தாறன் எண்டு சொன்னது நீதானே? வாக்கு வாக்குத்தான்.”

“லோட்டுக்குத்தான் சொன்னனான். லோட் எங்க?”

பெரியப்பா கேட்டார்: “அப்ப அரிச்ச கூலி?”

இப்போது மண்டபத்தில் பலகைத் தரை. எங்கள் குடும்பத்தில் யாராவது அவசரமாகக் கக்கூசுக்கு ஓடினால், “மண்ணைக் கண்டிட்டார்” என்று சின்னப் பிள்ளை வரைக்கும் சொல்லும். யாராவது செய்யக் கூடாத நேரத்தில் செய்யக் கூடாததைச் செய்துவிட்டால் எல்லோரும் என் பக்கம் திரும்பி, ஒரே குரலில் “கெட்டிக்காரன்!” என்பார்கள். நான் சிரிப்பேன், தொதலும் வாலை ஆட்டும். அதற்குத் தாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

பெரியப்பா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் கேக் துண்டைக் கையில் தந்துவிட்டு, “அந்தக் கணக்கு இன்னும் இருக்கு, மறந்துபோடாத” என்பார். மறக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். ஆறாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூறு போக, பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.