ஜோமார்ட்டின் ஆட்டுக் கணக்கு

ஜோமார்ட் என்பவர் நரின் மலைப்பகுதிப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். பிள்ளைகள் அவரை ‘அகாய்’ என்பர். எந்த விடையையும் இருமுறை சரிபார்ப்பார். பாடநூலில் ஆரஞ்சுப் பழங்கள் வருமிடமெல்லாம் அடித்துவிட்டு, ‘ஆடுகள்’ என்று எழுதுவார். மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே எளிது என்பது அவர் துணிபு.

வகுப்பில் பன்னிரு பிள்ளைகள், பன்னிரு விதம். எல்தார் இலக்கங்களை இடம்மாற்றி எழுதுவான். பெக்சாத்தால் ஓரிடத்தில் அமர இயலாது. நூர்சாத் என்னும் சிறுமியோ, எத்தனை என்று கேட்டால் உதட்டை மடித்துக்கொள்வாள். வியாழனன்று பிள்ளைகளைச் சோதிக்க மாவட்டக் குழு வரவிருந்தது. அன்றும் அவள் எண்ணிக் காட்டாவிடில், இரு கணவாய்களுக்கு அப்பாலுள்ள கற்கத் திணறும் பிள்ளைகளுக்கான தனி விடுதிப்பள்ளிக்கு அனுப்பப்படுவாள்.

திங்களன்று ஜோமார்ட் உலர்ந்த தயிர் உருண்டைகள் இருபதை மேசைமேல் பரப்பினார்.

"இதெல்லாம் ஆட்டுக்குட்டின்னு வச்சுக்கோ. எத்தனை இருக்கு?"

நூர்சாத் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள், சற்றைக்கெல்லாம் மந்தை முழுவதும் வயிற்றுக்குள் போயிற்று.

மறுநாள், தின்ன முடியாத பொருளாக, ஆட்டின் கணுக்கால் எலும்புகளைக் கொணர்ந்தார். ஒவ்வொன்றும் ஓர் ஆடு என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், வகுப்பு இரு அணிகளாய்ப் பிரிந்து எலும்பெறிந்து விளையாடத் தொடங்கியது. பெக்சாத் அனைத்தையும் வென்றான். அன்றுதான் அவன் முதன்முறையாக ஓரிடத்தில் அமர்ந்தான். வென்ற எலும்புகளின் மேல்.

இனி உண்மையான ஆடுகளே கதி என்று, வியாழனன்று வகுப்பையே நூர்சாத்தின் தந்தை அசான்பெக்கின் பட்டிக்கு அழைத்துச் சென்றார். குழுத்தலைவி சயிரா, குதிகால் உயர்ந்த காலணியுடன் சேற்றில் பின்தொடர்ந்தார்.

எத்தனை ஆடுகள் என்று கேட்டதும் நூர்சாத் உதட்டை மடித்தாள். எண்ணும் முறையைக் காட்டவெண்ணி ஜோமார்ட் தாமே எண்ணினார். அறுபத்து நான்கு வந்தது. சரிபார்த்தபோது அறுபத்தேழு. சயிராவுக்கோ அறுபத்தொன்றுதான் வந்தது. ஆசிரியருக்கு ஆதரவாக எல்தார், பலகையில் 46 என்று எழுதி உயர்த்திக் காட்டினான்.

நூர்சாத் பட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"வெள்ளைக்கால் வரல. அது மகளும் வரல. ஆத்தோரம் நின்னுடுச்சுங்க. அந்த உடைஞ்ச கொம்பு நம்ம ஆடே இல்ல."

அசான்பெக் ஆற்றங்கரைக்கு விரைந்து, தாயையும் குட்டியையும் ஓட்டி வந்தார். கொம்பு உடைந்த ஆட்டின் காதில் அயலார் குறி இருந்தது.

ஒரே கம்பளி போர்த்த அத்தனை முகங்களையும் ஒரே பார்வையில் படித்துவிட்டவளை, மேகம் விலகிச் சிகரம் தெரிந்தாற்போல் ஜோமார்ட் பார்த்து நின்றார். சயிரா, புதைந்த காலணியையும் மறந்தார்.

"அப்போ மொத்தம் எத்தனைடா கண்ணு?" என்றார் சயிரா, குரலைத் தாழ்த்தி.

சிறுமி மீண்டும் உதட்டை மடித்தாள்.

"அவ சொல்ல மாட்டாம்மா," என்றார் அசான்பெக். "எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னா மந்தை குறைஞ்சிடும்னு வீட்ல நாங்கதான் தடுத்து வச்சிருக்கோம். நாலு வயசுலேர்ந்து தினமும் மனசுக்குள்ள எண்ணிப் பட்டியை அடைக்கிறது அவதான். அகாய் போய்ப் போய் ஆட்டுக் கணக்கையே கேட்டா, பிள்ளை பாவம், என்ன பண்ணும்?"

ஜோமார்ட் சயிராவிடம் அமைதியாகச் சொன்னார்:

"நூர்சாத் என் வகுப்புலயே இருப்பா."