மாமாவின் அறைக்கு இன்னும் சன்னல் வைக்கவில்லை

டிராங்கெபார், போர்ட் லூயி
ஆகஸ்ட் 1957

தாயில்லாப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்த மாமா அவர்களுக்கு, மருமகன் அருணகிரி மோரீசிலிருந்து விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. தங்கள் இளைப்பு இப்போது எப்படி இருக்கிறது? இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து பார்வதி இருமுகிறாள். சுகமாகிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை போனபிறகு காரைக்காலில் தனியாக இருக்க முடியவில்லை, அடுத்த கப்பலில் புறப்பட்டு உன்னோடே வந்துவிடுகிறேன், காற்றுக்கு ஒரு சன்னல் போதும் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் குதித்தேன் மாமா. குதித்தது அன்றைக்கு. இன்றைக்குச் சொல்கிறேன், தயவுசெய்து இப்போது வராதீர்கள்.

என் பிழைப்புதான் உங்களுக்குத் தெரியுமே. தமிழ்ப் படம் ஓடும் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை இவ்வூர்ப் பேச்சான க்ரெயோலில் சொல்கிறவன் நான். இங்கே நம் ஜனங்களுக்குத் தேவாரம் தெரியும், வசனம் புரியாது. இன்று கியூர்பிப், நாளை செமின் கிரனியே, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுவேன், கூப்பிடாவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். இப்போது உலகத்தையே சுற்றிவரும் இந்தப் புதுக் காய்ச்சல் கப்பலேறி இங்கேயும் வந்து, கொட்டகைகளை மூடிவிட்டார்கள். முதலாளி மிஸ்யே ரெஜிஸ், பூட்டிய கொட்டகையில் எலி கடிக்கும் என்று படம் காட்டும் மெஷினையும் ஒரே ஒரு படத்தின் சுருள்களையும் என் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அந்த வாரம் பார்த்தா உங்கள் அறைக்காக நான் பின்பக்கத்துத் தகரத்தைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும்! கொத்தனார் வீரசாமி ஒரே ஒரு சுவரை எழுப்பி, சுண்ணாம்பும் அடித்து, சன்னலுக்கு எங்கே வெட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே தும்மினார். மறுநாள் அவர் படுத்தார், அடுத்து பார்வதி, அடுத்து நம் குழந்தை கண்ணம்மா. கூரை இல்லை, மற்ற மூன்று சுவர் இல்லை, பக்கத்து வீட்டு ஒதில் அம்மாவின் கோழிகள் உங்கள் அறையில் உலாத்துகின்றன. பார்வதி போர்வைக்குள்ளிருந்து, "கோத் லாஃப்னெத்? மாமா வந்தா சன்னல் எங்கே?" என்று தினமும் கேட்கிறாள்.

அந்தச் சுவரை வெட்ட எனக்கு மனசு வரவில்லை மாமா, அதுதான் சங்கதி. அவ்வளவு வெள்ளை. பிள்ளை காய்ச்சலில் "அப்பா, படம், படம்" என்று அனத்தவே, ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் மெஷினைத் திருகி அதன்மேல் காட்டினேன். ஆகா, அதை எப்படிச் சொல்வேன்! கூரையில்லாத அறை, மலையிலிருந்து இறங்கி வந்த பனி, அதற்குள் நாயகியின் முகம். பூந்தூறல் விழுந்தால் படத்தில் இருப்பவர்களும் நனைகிறார்கள். நிலா வந்து நாயகனின் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போகவே மாட்டேன் என்றது. அக்கம்பக்கத்தில் காய்ச்சலோடு இருந்தவர்கள் அவரவர் முற்றத்தில் போர்வையோடு உட்கார்ந்து பார்த்தார்கள். அப்புறம் தினமும் அதே படம்தான்.

பிறகு எனக்கும் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. கதை சொல்ல ஆளில்லை. அதற்குள் தேறியிருந்த கண்ணம்மா நாற்காலியில் ஏறிக்கொண்டு, "நான் சொல்றேன்" என்றாள். கொட்டும் மழையில் நாயகன் மீசைக்காரத் தாய்மாமன் வீட்டின் திறக்காத கதவுக்கு முன் நின்று "மாமா! மாமா!" என்று கதறும் இடம் வந்தது. க்ரெயோலில் மாமா என்றால் அம்மா. நான் எப்போதும் மாமனுக்கு அவர்கள் சொல்லும் 'தொந்தோன்' என்று மாற்றிச் சொல்லிவிடுவேன். இவள், "லி பெ அப்பெல் சோ மாமா! தன் அம்மாவைக் கூப்பிடுகிறான்!" என்று அறிவித்துவிட்டாள். மீசை வைத்த அம்மா! ஒருவரும் சிரிக்கவில்லை. ஒதில் அம்மா, "போவ் கார்சோன், பாவம் பையன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திருத்தலாமென்று வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. குரல் இருந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன். அழுதுகொண்டிருந்தேன்.

ஆகவே கொட்டகை திறந்து, கூரை போட்டு, கோழிகளை விரட்டியபிறகு நானே எழுதுகிறேன். அதுவரை மாமா அங்கேயே உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பார்வதியும் குழந்தையும் தங்கள் பாதம் தொட்டு ஆசி கேட்கிறார்கள். முருகன் துணை இருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் அருணகிரி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கண்ணம்மா வந்தாள். யாருக்கு என்றாள். என் மாமாவுக்கு என்றேன். என்ன எழுதினாய் என்றாள். வரவேண்டாமென்று எழுதினேன் என்றேன். "படத்தில்தான் மாமா கதவைத் திறக்கலை. இங்கே நீ திறக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக நினைத்து, அடுத்த கப்பலிலேயே புறப்படுங்கள். வீரசாமி எழுந்து வந்து இப்போதுதான் சுவரை இடிக்கிறார். சன்னல் சரியாக நாயகியின் முகம் விழும் இடத்தில் வருகிறது. இனி அவள் முகம் ஒதில் அம்மாவின் மாமரத்தில் போய் விழும், விழட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கப்பலில் யாராவது சொன்னார்கள் என்று மீசையை எடுத்துவிடாதீர்கள். கண்ணம்மா துறைமுகத்தில் மீசை வைத்த அம்மாவைத்தான் தேடுவாள்.