காத்துக்கும் மதில் கட்டுறீங்களா, மச்சான்?

கல்முனைக்குடி

அன்பின் மச்சான் ஸைனுலாப்தீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை சுல்பிகாவும் நலம். அங்கும் எல்லாரும் நலமாயிருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. துஆ இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் ஏச்சு.

அலைவரிசை பங்கிடுகிற அரசாங்கக் கந்தோரில் நம்ம மச்சான் இருக்கார் என்று ஊரெல்லாம் பெருமை பேசினவன் நான். என்ட வாயைத்தான் முதல்ல தைக்க வேணும். வைஃபைக்கென்று கேட்ட புது அலைவரிசை முழுவதையும் மொபைல் கம்பனிகளுக்கே கொடுக்கப் போறீங்களாமே? நம்ம ஊர் வழக்கப்படி மகள் ஆகிலாவுக்கு வீட்டைக் கொடுத்து, மருமகன் றிஸ்மியை வீட்டோட எடுத்தம். அவர் வீட்டில இருந்தே லண்டன் கம்பனிக்கு வேலை செய்றவர். இந்த ஒழுங்கையிலயோ சுவரோட சுவர் ஒட்டின வீடுகள், வீட்டுக்கொரு ரவுட்டர், எல்லாம் பழைய அலைவரிசையில நெருக்குப்பட்டுக் கிடக்கு. போன கிழமை மீட்டிங்கில மருமகன்ட படம் வாய் திறந்தபடி நின்று போச்சு. குசினியில நான் "இறால் கறிக்குப் புளி காணாது" என்று கத்தினது மட்டும் லண்டன் வரைக்கும் தெளிவாப் போயிருக்கு. பக்கத்து வீட்டு முகைதீன்பாவாக்கிட்டப் போய், பகல்ல உங்கட ரவுட்டரைக் கொஞ்சம் அணைச்சி வைங்களன் என்று பணிவாக் கேட்டன். "ஏன் காக்கா, காத்துக்கும் உங்கக்கிட்ட உறுதிப் பத்திரம் இரிக்கா?" என்று கேட்டுப்போட்டு, இன்னொரு ரவுட்டரும் வாங்கி நம்ம மதில் பக்கமாவே வெச்சிட்டார்.

அந்த மனிசனை விடுங்க, எனக்குக் கோபம் உங்கட கந்தோரோடதான். நானும் வீட்டு வளவை ரெண்டு மகள்மாருக்குப் பங்கு வெச்சவன். அவங்கவங்க பங்கைச் சுத்தி மதில் கட்டினாங்க. எல்லாரும் நடக்கிற ஒழுங்கையை ஒருத்தருக்கும் எழுதிக் கொடுக்கல்ல. சைக்கிளும் ஆடும் மாப்பிள்ளையும் அடக்கப் போற மையத்தும் அதாலதான் போகுது. அலைவரிசையிலயும் கம்பனிகளுக்கு மதில் கட்டின வளவு எத்தனையோ இரிக்கு, எல்லாருக்கும் பொதுவான வைஃபை ஒழுங்கையையும் அடைக்கணுமா?

"மாமா, முழுக்க மொபைலுக்குப் போனா நாங்க கொழும்புக்கே போறம். அங்க கம்பனிக் கந்தோர்ல இருந்து செய்யலாம்" என்று மருமகன் சொல்லிட்டார். ஆகிலா உடுப்பு அடுக்கத் தொடங்கிட்டாள். சுல்பிகா என்னோட கதைக்கிறல்ல, பானை சட்டியோடதான் கதைக்கிறா. நம்ம ஊர் மீராசாட மருமகன் பொண்ணைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனப்ப, தேத்தண்ணிக் கடையில நான் கதைச்ச கதையெல்லாம் இனி எனக்கே திரும்பி வரும். எந்த மூஞ்சியோட நான் பள்ளிவாசலுக்குப் போறது?

பாதியையாவது வைஃபைக்குத் திறந்து விடச் சொல்லுங்க. இல்லாட்டி பெருநாளைக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்ல; வட்டிலப்பம் கிடையாது.

மச்சிக்குச் சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

மாறாத அன்பும் ஆறாத கோபமும் கொண்ட,
ஸஹீத்

பி.கு.: கடித உறையை ஒட்டுறதுக்குள்ள மொபைல் கம்பனி ஆக்கள் வந்தாங்க. நம்ம மொட்டை மாடியிலதான் அன்டனா வைக்கப் போறாங்களாம். தலைக்கு மேல அன்டனா இருந்தா மொபைல் லைன்லயே லண்டன் வேலையைச் செய்யலாம், போகத் தேவையில்ல என்கிறார் மருமகன். ஆகிலா உடுப்பைத் திருப்பி அலுமாரிக்குள்ள வெச்சிட்டாள். ஆகையால் மேலே வைஃபை என்று வரும் இடமெல்லாம் மொபைல் என்றும், மொபைல் என்று வரும் இடமெல்லாம் வைஃபை என்றும் வாசித்துக்கொள்ளவும். ஏச்சு அப்படியே இருக்கட்டும்.