காயம்பட்ட மரங்களின் ஏற்றுமதி

பூமியின் காய்ச்சலைத் தணிக்கும் பொறுப்பை வரலாறு கடைசியில் எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள கூசெவெரே என்ற சிற்றூரிடம்தான் ஒப்படைத்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரிய நாடுகளுக்கு வேறு வேலை இருந்தது. எங்களிடம் மரம் இருந்தது.

'இருந்தது' என்று நான் சொல்வதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தியாகம் என்று வந்துவிட்டால் இறந்தகாலம் வரத்தான் செய்யும்.

என் பெயர் உலார். 'பசுஞ்சுடர்' நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. எங்கள் ஆலை மரத்தை அரைத்து, தூளை இறுக்கி, சுண்டுவிரல் அளவு குச்சிகளாக்குகிறது. பெல்லட் என்று பெயர். கப்பலில் நெதர்லாந்து போய் அங்கே மின்நிலையத்தில் எரியும். எரிந்தால் புகை வராதா என்று கேட்பவர்கள் கொள்கை அறிக்கைகளைப் படிக்காதவர்கள். புகை வரும், கணக்கில் வராது. வெட்டிய இடத்தில் நடுகிற கன்று வளர்ந்து பெரிதாகி அந்தப் புகையைத் திரும்பக் குடித்துவிடும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கன்று வளர ஓர் ஆயுட்காலம் பிடிக்கும். அதுவரை புகை காத்திருக்கும். ஐரோப்பியப் புகை ஒழுக்கமானது.

இன்னொரு சிறப்பும் உண்டு. நாங்கள் நல்ல மரத்தைத் தொடுவதே இல்லை. வளைந்தது, பூச்சி அரித்தது, காயம்பட்டது ஆகிய 'கழிவு' மரங்களை மட்டுமே எரிக்கலாம் என்பது எங்கள் 'நிலைத்தன்மை' உறுதிமொழி.

எரிவாயு விலை எகிறிய ஆண்டில் எங்கள் பெல்லட்டுக்கு ஏகக் கிராக்கி. ஆனால் கூசெவெரே காடு ஒத்துழைக்க மறுத்தது. வெட்கமே இல்லாமல் ஆரோக்கியமாக நின்றது. எங்கள் இயக்குநர் கால்மெர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“காட்டுல கழிவு பத்தலையே. என்ன செய்யலாம்?”

“மரத்துக்கு நோய் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம் சார்” என்றாள் கொள்முதல் அதிகாரி மாயே.

“சந்தை காத்திருக்காதும்மா.”

“லேசா வளைஞ்சதையும் சேர்த்துக்கலாமா?”

“எவ்வளவு லேசா?”

“தலையைச் சாய்ச்சுப் பார்த்தா வளைவாத் தெரியணும்.”

மறுநாளே ஊழியர்கள் எல்லோருக்கும் தலையைச் சாய்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. காடு முழுக்க வளைந்துபோனது. அதுவும் தீர்ந்தபோதுதான் மாயேவுக்குத் தேவாலயப் பாதையின் பைன் மரங்கள் நினைவுக்கு வந்தன.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்லறைக்குப் போகும் அந்தப் பாதையில் சவ வண்டியை நிறுத்தி, இறந்தவரின் நெருங்கிய உறவினர் ஒரு பைன் மரத்தில் சிலுவை செதுக்குவார். செத்தவருக்கு வீட்டு ஞாபகம் வந்து திரும்பி நடந்தாலும், தன் சிலுவையைக் கண்டதும் அங்கேயே தங்கிவிடுவார். அந்த மரங்களில் யாரும் கோடாலி வைப்பதில்லை.

கால்மெர் தலைநகரத்துக்காரர். இதைக் கேட்டதும் அவர் கண்கள் பளபளத்தன.

“பட்டையை உரிச்சு, கத்தியால குடைஞ்சிருக்காங்களா?”

“ஆமா சார்.”

“அப்ப அது காயம்! உங்க பாட்டன் முப்பாட்டனெல்லாம் நமக்காகவே கழிவு தயார் பண்ணி வெச்சிட்டுப் போயிருக்காங்கய்யா!”

அப்படி ஒரு கோணத்தில் என் முன்னோர்களை நான் அதுவரை மதித்ததில்லை.

வெட்டவேண்டிய மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்தோம். சாயம் காய்வதற்குள் தபால்காரி உர்வே சேற்றுக் காலணியோடு அலுவலகத்துக்குள் வந்துவிட்டாள்.

“யாரு என் புருஷன் மரத்துல சாயம் அடிச்சது?”

“வாங்கம்மா, உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?” என்றார் கால்மெர்.

“காபி வேணாம். மரம் வேணும்.”

“அது சேதமான மரம்மா.”

“சேதமா? எல்மாரை எடுத்துட்டுப் போன அன்னிக்கு நானே செதுக்கினது தம்பி. ஆம்பளைங்கதான் செதுக்கணும்னாங்க. நான் கத்தியை யாருகிட்டயும் குடுக்கல.”

“அப்ப மரத்தைக் காயப்படுத்தினது நாங்க இல்ல. நீங்கதான்” என்றார் கால்மெர், கண்டிப்பும் கனிவும் கலந்து.

உர்வே என் பக்கம் திரும்பினாள். “ஏண்டா உலார், இந்த ஆளுக்கு வீட்டுல யாரும் செத்ததே இல்லையா?”

“எங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தான்” என்று நன்றியோடு பதில் சொன்னார் கால்மெர்.

நாங்கள் அடாவடிக்காரர்கள் அல்ல. புகாரைச் சுதந்திரமான ஆய்வாளர் ஒருவரிடம் விட்டோம். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நாங்கள்தான் என்றாலும் அவருடைய சுதந்திரத்தில் ஒருநாளும் தலையிட்டதில்லை. நெதர்லாந்திலிருந்து வந்த யோஸ்ட் நல்ல மனிதர். தூறலில் நனைந்தபடியே எல்மாரின் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊரே கூடி நின்றது. நான் மொழிபெயர்த்தேன்.

யோஸ்ட் சிலுவையைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. என் காதருகே குனிந்தார்.

“இது பட்டையில இயற்கையா விழுந்த வெறும் கீறல், காயம் இல்லைன்னு நான் எழுதிடறேன். மரம் தப்பிச்சிடும். இங்க சிலுவை எதுவும் இல்லைன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

நான் சொன்னேன். உர்வே அசையவில்லை. பக்கத்து வீட்டு லெய்தா அவள் விலாவில் இடித்தாள்.

“சொல்லித் தொலைடி. எல்மார் கோவிச்சுக்கவா போறான்? உயிரோட இருந்தப்பவே நீ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவன்தானே!”

கூட்டம் சிரித்தது. உர்வேயும் சிரித்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, சிலுவைப் பள்ளத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான்.

“சிலுவைதான்” என்றாள். “எல்மாரோட சிலுவை. இல்லைன்னு சொல்ல என்னால முடியாது.”

யோஸ்ட் பெருமூச்சு விட்டு, 'மனிதச் செயலால் சேதம்' என்று எழுதினார். நேர்மைக்கு எங்கள் துறையில் உள்ள மதிப்பு அப்படி.

“சரி, வெட்டுங்க” என்றாள் உர்வே. “ஆனா மரத்தை எனக்குக் குடுத்துடுங்க. என் அடுப்புல எரிச்சுக்கறேன். அவன் வீட்டையாவது சூடாக்கட்டும்.”

இதைக் கேட்டு யோஸ்ட் உண்மையிலேயே பதறிப்போனார். “ஐயோ, வீட்டு அடுப்புப் புகை ரொம்பக் கெடுதல்மா. எங்க ஊர்ல கொண்டுபோய் எரிச்சாதான் பசுமை.”

இயந்திரம் வந்தது. மரம் விழும்வரை உர்வே அங்கேயே நின்றாள். மரத்தூள் பறந்து அவள் தோளிலும் முக்காட்டிலும் படிந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. 'உள்ளூர் மக்கள் பணியைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஆர்வத்தோடு பார்வையிட்டனர்' என்று செய்திக்குறிப்பு அனுப்பினேன்.

அந்தக் குளிர்காலம் கூசெவெரேயில் விறகு கிடைக்கவில்லை. கிடைத்த கட்டையெல்லாம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காடு சூழ்ந்திருந்த ஊரில் மக்கள் கம்பளிக் கோட்டோடு தூங்கினார்கள். லெய்தா தன் சமையலறை நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். அவை நல்ல மரத்தில் செய்த நாற்காலிகள். எங்கள் நிறுவனம் அப்படிப்பட்ட விதிமீறலை ஒருபோதும் செய்யாது. மேசையில் கை வைப்பதற்குள் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

லெய்தாவுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. கத்தியை உர்வே எடுத்துக்கொண்டாள். சவ வண்டி தேவாலயப் பாதையில் ஊர்ந்தது. இருபுறமும் அடிக்கட்டைகள்; அவற்றுக்கு நடுவே நாங்கள் நட்ட கன்றுகள், பென்சில் தடிமனில். அவற்றில் சிலுவை செதுக்க வேண்டுமென்றால் ஊசிதான் வேண்டும். வண்டி எங்கும் நிற்க முடியாமல் நகர்ந்து நகர்ந்து அதே பாதையிலுள்ள எங்கள் ஆலை வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே, நிலைத்தன்மைச் சான்றிதழ் கிடைத்த மகிழ்ச்சியில் நாங்கள் நிறுத்தியிருந்த ஓக் மரத் தோரணவாயில் ஓங்கி நின்றது.

உர்வே கையை உயர்த்தினாள். வண்டி நின்றது. தோரணவாயிலின் தூணில் அவள் கத்தியை இறக்கினாள்.

கால்மெர் கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தார். “என்னம்மா பண்றீங்க? இது எங்க வாசல்!”

“தெரியுது தம்பி. வழியில நிக்கற மரம் இது ஒண்ணுதான்.”

“அப்ப... அந்தம்மா இனிமே இங்கேயேவா இருப்பாங்க?”

“லெய்தா மட்டுமா?” உர்வே செதுக்குவதை நிறுத்தவில்லை. “எல்மார் வருவான். மரம் போனவங்க எல்லாரும் வருவாங்க. நீங்கதானே கொண்டுபோனீங்க? உங்ககிட்டதானே வந்து கேட்கணும்.”

சிலுவை முடிந்தது. அவள் தூணில் ஒட்டியிருந்த சிராய்களை ஊதிவிட்டு, கத்தியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

கால்மெருக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனாலும் மறுநாள் முதல் அவர் ஆலைக்குப் பின்பக்கமாக, மரத்தூள் குவியலைச் சுற்றிக்கொண்டு வருகிறார். நிறுவனத்தின் பெயர் கெடாமல் ஓர் அறிக்கை தயாரிக்கச் சொன்னார். பெருமையோடு தயாரித்துக் கொடுத்தேன்:

'உயிரோடு இருப்பவர்கள் விறகு கேட்டும், இறந்துபோனவர்கள் தங்கள் மரத்தைக் கேட்டும் எங்கள் வாசலில் ஓயாமல் காத்து நிற்கிறார்கள். ஓர் ஊரின் அத்தனை மக்களோடும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு வைத்திருக்கும் நிறுவனம் ஐரோப்பாவில் வேறொன்று இல்லை.'