பின் ஸ்பிரிங் இறங்கிய கார்

ஒரு காட்டில் புதிதாகத் தார் ரோடு போட்டார்கள். ரோடு போட்ட மறு மாதமே அங்கே ஒரு கழுதைப்புலி வேகமான கார் ஒன்றை வாங்கியது. அந்தக் கழுதைப்புலி நான்தான். பெயர் மாசானம். கதையில் முட்டாள் யார் என்று நீங்கள் கடைசி வரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு நிறக் கார். இரண்டே கதவு, நான்கு புகைக்குழாய். நின்ற இடத்திலிருந்து ஆறு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்தக் காட்டில் குடைப்பாறை என்றொரு மலை. வருஷம் ஒருமுறை அதன் மேல் கார்ப் பந்தயம் நடக்கும். மொத்தம் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வருஷம் நான் கடைசியாக வந்தேன். "வண்டி புதுசு, இன்னும் கைக்குப் பழகலை" என்றேன். அடுத்த வருஷமும் கடைசி. அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் காரைச் சுற்றி வந்தபோதுதான் கவனித்தேன். பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றது.

"பின் ஸ்பிரிங் இறங்கிடுச்சு. வளைவுல வால் அலையுது. இல்லேன்னா இன்னைக்கு வேற கதையா இருந்திருக்கும்" என்றேன்.

சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். மானும் மிளாவும்கூட "ஐயோ பாவம்" என்றன. பரிசு வாங்கிய சிறுத்தையிடம் ஒருவரும் அவ்வளவு நேரம் பேசவில்லை.

அதற்கடுத்த இரண்டு வருஷமும் அதே ஸ்பிரிங், அதே கடைசி இடம், அதே "ஐயோ பாவம்".

ஸ்பிரிங் இறங்கியது பொய்யில்லை. பள்ளத்தில் விழுந்தால் பின் டயர் மட்கார்டில் உரசிக் கருகல் வாடை வரும். முன்பக்கம் தூக்கிக்கொண்டதால் விளக்கு வெளிச்சம் மரத்து உச்சியில் அடித்தது. ஆந்தைகள் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தன. "வண்டியும் ஓனர் மாதிரியே நிக்குது" என்று என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கழுதைப்புலிகளுக்குப் பிறவியிலேயே பின்பக்கம் தாழ்வு. அதையும் பொறுத்துக்கொண்டேன். மெக்கானிக் சூசையின் ஷெட் என் குகையிலிருந்து கூப்பிடு தூரம். மூன்று வருஷமாக அதைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனேன்.

இந்த வருஷம் பெயர் கொடுக்கப் போனேன். நீண்ட வரிசை. மூன்று படிவம், மூன்றிலும் அப்பா பெயர். கடைசியில் கொக்கு அதிகாரி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து காரின் முன்னும் பின்னும் அளந்தார்.

"பின்னால அஞ்சு சென்டிமீட்டர் கம்மி. இந்த வருஷம் புது விதி. சமமா நிக்காத வண்டி மலை ஏறக் கூடாது. சரிபண்ணிக் கொண்டுவாங்க" என்றார்.

"விதின்னு வந்துட்டா நாம என்ன செய்ய முடியும்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன். வழி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். குகை வாசலில் மறுபடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி இசக்கி எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாள் காலையில் அவளைக் காணவில்லை. சாயங்காலம் சாக்கில் சுற்றிய இரண்டு புது ஸ்பிரிங்குகளோடு வந்தாள். குரங்குகள் நடத்தும் உதிரிபாகக் கடையில் நம்பர் எழுதி வாங்க ஒரு வரிசை, சீல் வைக்க ஒரு வரிசை, சீல் சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு வரிசை. மூன்றிலும் நின்றிருக்கிறாள். கால் நான்கும் வீங்கியிருந்தன.

"நாளைக்குச் சூசை வர்றான். நான் சொல்லிட்டேன்" என்றாள்.

வெந்நீர் வைத்து அவள் கால்களுக்கு ஒற்றடம் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

சூசை ஓர் உடும்பு. காருக்கு அடியில் நுழைய அவனுக்கு ஜாக்கி தேவையில்லை. வந்ததும் காரைச் சமதளமான பாறையில் நிறுத்தச் சொன்னான். டயர்களில் காற்றைப் பார்த்தான். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து தரையில் கரியால் எழுதினான்.

"ஸ்பிரிங்கா இருக்காது சூசை. சேஸிஸே வளைஞ்சிருக்கும். சரிபண்ண முடியாதுன்னா சொல்லிரு, நான் மனசைத் தேத்திக்கிறேன்" என்றேன்.

"பாப்போம் அண்ணாச்சி. டிக்கியைத் திறங்க."

திறந்தேன். ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. பக்கத்தில் இரண்டு மூட்டை எலும்பு. வழியில் பசித்தால் இருக்கட்டும் என்று கார் வாங்கிய அன்று வைத்தது.

சூசை மூட்டைகளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி அளந்தான். ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டான். கார் ஒருமுறை எழும்பி அப்படியே நின்றது.

"ஷாக் அப்சார்பர் நல்லா இருக்கு. அது ஆட்டத்தைத்தான் அடக்கும். எடையைத் தாங்குறது ஸ்பிரிங்" என்றபடி உள்ளே நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. "இடது ஸ்பிரிங்ல அடிச்சுருள் உடைஞ்சு கிடக்கு அண்ணாச்சி. வலது உடையலை, ஆனா அசந்து உக்காந்திருச்சு. இந்தச் சுருள் முனை டயரைக் கிழிச்சிருந்தா ரெண்டு பேரும் பள்ளத்துல கிடந்திருப்பீங்க."

இசக்கி குகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

காரைத் தூக்கி முட்டுக் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றினோம். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைக்கு ஜாக்கி வைத்துத் தாங்கிக்கொண்டு, ஷாக் அப்சார்பரின் அடி போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கியதும் பழைய ஸ்பிரிங் தானாகவே வெளியே வந்தது. புதியதன் முனையை அதன் குழியில் சரியாக உட்கார வைத்தான். இரண்டு பக்கமும் முடிந்ததும் நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"இப்ப முழுசா இறுக்காதீங்க. தொங்கும்போது இறுக்கினா மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டுச் சீக்கிரம் போயிரும். தன் கால்ல நிக்கட்டும், அப்புறம் இறுக்கலாம்" என்றான்.

கார் தன் காலில் நின்றது. முன்னும் பின்னும் சமம். ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லை, உரசலில்லை, சொன்ன இடத்தில் திரும்பியது. இவ்வளவு நல்ல காரா என்னிடம் இருக்கிறது என்று எனக்குப் பயமாகிவிட்டது.

பந்தய நாள் வந்தது. கொக்கு அதிகாரி அளந்து பார்த்துப் படிவத்தில் முத்திரை குத்தினார். மொத்தம் பன்னிரண்டு வண்டிகள். நேர் ரோட்டில் நான்கைத் தாண்டிவிட்டேன். முதல் வளைவு தெரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. என் கால்தான் தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்தது. இரண்டாவது வளைவிலும் உட்கார்ந்தது. எடு என்று சொன்னேன். எடுக்கவில்லை. கீழே பள்ளம் தெரிந்தது. கார் போகலாம் போகலாம் என்று உறுமியது. ஒவ்வொரு வண்டியாக என்னைத் தாண்டியது. ஒன்பதாவது வளைவில் முள்ளம்பன்றியின் பால் வண்டி கேன்கள் குலுங்கத் தாண்டிப் போனது. அது பந்தயத்திலேயே இல்லை. உச்சி டீக்கடைக்குப் பால் கொண்டுபோனது.

மேலே போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடித்துவிட்டார்கள். கார் நிற்பதற்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். விழா நடத்தும் கரடி கேட்டது, "என்ன மாசானம், ஸ்பிரிங்தான் மாத்தியாச்சே?"

நான்கு வருஷத்தில் முதல்முறையாக எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. மானும் மிளாவும் என் முகத்தையே பார்த்தன. கண்ணில் நீர் முட்டியது.

முன்னாலேயே மேலே வந்து காத்திருந்த இசக்கி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாள்.

"பின் ஸ்பிரிங் புதுசு போட்டோமா, அதுக்கு ஈடுகொடுக்க முடியாம முன் ஸ்பிரிங் துவண்டுபோச்சு. இனிமே அதைத்தான் பாக்கணும்" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். "ஐயோ பாவம்" என்றது மிளா.

திரும்பும் வழியில் ஐந்தாவது வளைவில் கேட்டேன், "நிஜமாவே முன் ஸ்பிரிங் போயிடுச்சா?"

"நாலு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து வர்றேன். உங்க கால் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எதுக்கு அவ்வளவு நேரம் வரிசைல நின்ன?"

"டயர் உரசிக்கிட்டு இருந்துச்சுல்ல" என்றாள். "நீங்க ஜெயிப்பீங்கன்னு மாத்தலை. வீட்டுக்கு வந்து சேரணும்னு மாத்தினேன்."

அந்த வளைவில் வழக்கத்தைவிட மெதுவாகத் திரும்பினேன்.

மறுநாள் டேப்பை எடுத்து முன்பக்கம் இரண்டையும் அளந்தேன். அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. மனசு உடைந்துபோய்ச் சூசையின் ஷெட்டுக்குப் போனேன்.

"முன் ஸ்பிரிங் இறங்க எத்தனை வருஷம் ஆகும் சூசை?"

சூசை காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு அது ஆயுசுக்கும் இறங்காது அண்ணாச்சி" என்றான்.

நீதி: வண்டியில் ஒரு பழுதையாவது மிச்சம் வைத்திரு, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால், மிஞ்சும் பழுது ஓட்டுபவன்தான்.