சூன் பாண்காரரின் செபமாலை

கற்பிட்டிக் கரையில் ஆண்டவரை வீடு வீடாகக் கொண்டுபோன ஒரே மனிதர் எங்கள் சூன் பாண்காரர்தான். பங்குச் சுவாமிமார் எல்லாம் அவருக்குப் பிறகுதான். அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ஆட்டோவில் சூன் என்கிற பாட்டைப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டியும் மீன் வைத்த மாலு பாணும் விற்கிறவர், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், திரும்பிப் போகாமல் எங்கள் பங்கிலேயே தங்கிவிட்டார். மற்றப் பாண் ஆட்டோக்கள் ஏதோ வெள்ளைக்காரன் மெட்டைப் போடும். இவர் மாதா பாட்டைப் போட்டார். அதன் பலனைத் திருநாள் பூசையில் கண்டோம். பாடகர் குழு அதே பாட்டைத் தொடங்கியதும் பாதிச் சனத்தின் கை தானாகவே கைப்பைக்குள் போனது. பக்கத்து வீட்டு முஸ்லிம் உம்மா ஒருவர் பாண் வாங்கக் கூடையோடு கோயில் வாசலுக்கே வந்துவிட்டார். பாட்டை மாற்றும்படி சுவாமி சொன்னார். சூன் பாண்காரர் பணிவாகக் கேட்டுவிட்டு, கோயிலில் பாட்டை மாற்றுவதுதான் சுலபம் என்றார்.

எங்கள் பக்கத்தில் குடும்பச் செபமாலை பொழுதுபடுகிற நேரத்தில்தான். அவருக்கு வியாபாரமும் அந்த நேரத்தில்தான். குடும்பம் ஒன்றாகச் செபிக்க வேண்டும் என்று சுவாமி பிரசங்கம் வைத்த மறுநாளே அவர் பாண் பெட்டியின் ஒரு தட்டைக் கழற்றி, அங்கே பலகை அடித்து, மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டார். பாண் குறைந்தது, பக்தி கூடியது. பத்துப் பத்து மணியாக முன்னால் அவர் செபத்தைத் தொடங்க, பின்னாலிருந்து இருவரும் முடித்து வைப்பார்கள். நடுவில் யாராவது கை காட்டினால் வண்டி நிற்கும். செபம் நிற்காது.

அப்போது நான் மறைக்கல்வி ரீச்சர். அவருடைய எட்டு வயது மகள், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கான என் முதல் நன்மை வகுப்பில் இருந்தாள். இந்த ஓட்டச் செபம் நல்லதுக்கில்லை என்று சுவாமியிடம் நான் பலமுறை முறையிட்டிருந்தேன். செபத்தில் பிழை விட்டால் அடுத்த வருடம்தான் நன்மை என்பது அவருடைய சட்டம். சோதனை நாளும் வந்தது. வெள்ளை உடுப்புத் தைத்தாயிற்று, வன்னியிலிருந்து சொந்தக்காரரும் வரப்போகிறார்கள். தகப்பன் வாசலில் நின்றார்.

பிள்ளை கைகூப்பி, கண்ணை மூடி, கணீரென்று தொடங்கினாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, மாலு பாண் முடிஞ்சுது அக்கா, நாளைக்குக் கொண்டுவாறன், பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே..."

சுவாமி கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு வருடமாகக் காதால் கேட்டதை ஒரு சொல் விடாமல் பாடமாக்கியிருந்தாள் பாவம். எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப்பார்த்ததை மறைக்க மாட்டேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார் சுவாமி.

வாயால் ஊரையே விற்கக்கூடிய சூன் பாண்காரர் அன்று வாசலிலிருந்து உள்ளே வந்து கைகூப்பினார்.

"பிழை என்ர, சுவாமி. நான் சொன்னதைத்தான் அவள் சொன்னவள். இன்னொண்டு கேட்டுப் பாருங்கோ."

சுவாமி அரை மனதோடு, செபமாலை ஏன் சொல்கிறோம் என்று பிள்ளையிடம் கேட்டார். புத்தகத்தில் அதற்கு நான்கு வரி விடை இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது.

"நாங்கள் நிக்கிற வீட்டு ஆக்களுக்காகச் சுவாமி. சந்தி வீட்டு உம்மாவுக்கு முழங்கால் நோ, அவவுக்கு ஒரு பத்து. கருவாடு காயவைக்கிற வாடியில இருக்கிற சிங்கள மாத்தையாட மகன் கடலுக்குப் போய் இன்னும் வரேல்ல, அவருக்கு ரெண்டு பத்து. கடைசிப் பத்து எங்கட ரீச்சருக்கு. அவ தனிய இருக்கிறா. அந்த வீட்டடியில மட்டும் பாட்டை நிப்பாட்டிப்போட்டு வடிவாச் சொல்லோணும் எண்டு அப்பா சொல்லுவார்."

சுவாமி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சரி போட்டார். எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் விடைகளைப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் தன் பிள்ளைக்கு விசுவாசத்தையே கொடுத்திருந்தார்.

நன்மை கொடுத்த ஞாயிறு, பெற்றோர் உட்கார ஒதுக்கிய முதல் வாங்கைத் தாண்டிப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சூன் பாண்காரர் மனைவியோடு சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"இஞ்ச இருங்கோ ரீச்சர்."

இருந்தேன். அவ்வளவு பெருமையாக என் வாழ்நாளில் வேறெங்கும் நான் இருந்ததில்லை.